கை தட்டாத மாப்பிள்ளை

சாந்தா குரூஸ் மாகாணம், ஏரிக்கரை முகாம்,
ஞாயிறு பிற்பகல், காருக்குள்ளிருந்து.

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய மைத்துனர் திரு. அன்செல்மோ பெரூச்சி அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை தெலியாவைக் கைப்பிடித்த எவாரிஸ்தோ மந்த்ரீனி பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் தங்கையும் தங்கள் மருமகள் மரிசெலும் நலம். அங்கு தாங்களும், தங்கள் துணைவியார் நெலிதாவும், தங்கள் மூட்டுவலியும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல்.

நலம் என்று எழுதியது வழக்கத்தை முன்னிட்டுத்தான் மச்சான். ஒருவரும் நலமாக இல்லை. முதலில் நீங்கள் இரவல் கொடுத்த கூடாரத்தைப் பற்றி எழுதுவதுதான் முறை. ஆனால் அதை எழுதக் கை வரவில்லை. ஆகவே வந்த காரியத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மரிசெல் ஒருவேளை உங்களிடம் வந்து, கல்யாணத்தன்று தன்னைக் கைபிடித்துத் தேவாலயத்துக்குள் அழைத்துப்போகும்படி கேட்டால், நீங்கள் முடியாது என்று சொல்லிவிட வேண்டும். மூட்டுவலி என்று சொல்லுங்கள். பொய்யும் இல்லை. நீங்கள் இப்போதே அந்த நீல சூட்டை வெளுக்கப் போட்டுவிட்டதாக இங்கே ஒரு பேச்சு அடிபடுகிறது. அது உண்மையானால் எனக்குப் பெரிய மனவருத்தம். பெண்ணைப் பெற்றவன் நான் உயிரோடு இருக்கும்போது, மாமன்காரர் சூட்டைத் தயார் செய்வது என்ன நியாயம்?

நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். நம் பெண் ஒரு வருஷம் மட்டும் தெற்கே பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு வருகிறேன் என்று ரீயோ காஜேகோஸ் போனாள். கணக்கு வாத்தியாருக்கு ஒன்றுக்கும் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, இரண்டு வருஷம் ஆயிற்று. அங்கிருந்து எல்லை தாண்டி ஒருநாள் கப்பல் பார்க்கப் போனவள், கப்பலில் மின்சார வேலை பார்க்கும் ஒரு சிலிக்காரனைப் பார்த்துவிட்டு வந்தாள். பெயர் ரொலாந்தோ ஓயர்சூன். ஊர் புந்தா அரேனஸ். உலகம் அந்த ஊரோடு முடிகிறது, அதற்குத் தெற்கே பென்குயின்களுக்கே போக மனமில்லை. கல்யாணம் அங்கேதானாம், அக்டோபரில். நான் வரமாட்டேன் என்று சொன்னேன். ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லவில்லை. அதற்கு அவள், "சரிப்பா, நாம எல்லாரும் சேர்ந்து ஒரு பயணம் போவோம். அவரும் வரட்டும். பயணம் முடியறதுக்குள்ள உங்க முடிவைச் சொல்லுங்க. நீங்க வரலைன்னா அன்செல்மோ மாமாவைக் கேட்டுக்கறேன்" என்றாள். உங்கள் பெயரைக் கேட்டதும் உங்கள் தங்கைக்கு முகமெல்லாம் சிரிப்பு. அந்தப் பயணத்தின் கடைசி முகாம்தான் இது. நாளைக் காலை கார் வடக்கே திரும்புகிறது.

காற்றைப் பற்றி எழுத வேண்டும். "மார்ச் மாசத்துல அங்க காத்தே இருக்காது எவாரிஸ்தோ" என்று பெர்கமீனோவில் என் வீட்டு முற்றத்தில், என் இறைச்சியைத் தின்றுகொண்டே நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. மற்றதெல்லாம் காதிலிருந்து பறந்துவிட்டது. இங்கே காற்று வீசுவதில்லை மச்சான், குடியிருக்கிறது. நாம்தான் அதன் வீட்டுக்குள் சொல்லாமல் புகுந்தவர்கள் என்கிற மாதிரி நம்மைப் பிடித்துத் தள்ளுகிறது. புல்கூட நிமிர்ந்து நின்று நான் பார்க்கவில்லை. மாத்தே குடிக்கலாம் என்று சுரைக்குடுவையில் இலைத்தூளைக் கொட்டினால், குழலைச் செருகுவதற்குள் தூள் முழுவதும் தெலியாவின் கண்ணில். இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. காற்று எங்கிருந்து வருகிறது? மேற்கிலிருந்து. மேற்கே என்ன இருக்கிறது? சிலி இருக்கிறது. அந்த மலைக்கு அந்தப் பக்கம் கிளம்பி, ஒரு சுங்கச்சாவடியிலும் நிற்காமல், நம் மண்ணுக்குள் வந்து நம் சாமான்களை அள்ளிக்கொண்டு போகிறது. நாம் ஒரே ஒரு ஆப்பிளோடு அந்தப் பக்கம் போனால் பையைக் கவிழ்த்துப் பார்க்கிறார்கள். இதை ரொலாந்தோவிடமே கேட்டேன். அவன், "உண்மைதான் தோன் எவாரிஸ்தோ, மன்னிச்சுக்குங்க" என்றான். இப்படித் 'தோன்' போட்டு மரியாதையாக மன்னிப்புக் கேட்கிறவனிடம் எப்படிச் சண்டை போடுவது? அதுதான் அவன் தந்திரம்.

நேற்று மத்தியானம் இங்கே வந்து சேர்ந்தோம். காரை நான் ஏரியைப் பார்த்த மாதிரி நிறுத்தினேன். ரொலாந்தோ பின்சீட்டிலிருந்து, "காத்துக்கு மூஞ்சியைக் காட்டி நிறுத்தினா கதவுக்கு நல்லது" என்று ஒருமுறை சொன்னான். இத்தனை வருஷமாகக் கார் ஓட்டுகிறவனுக்கு ஒரு கப்பல்காரன் சொல்லித்தர வேண்டுமா? காதில் போட்டுக்கொள்ளாமல் கதவைத் திறந்தேன். கதவு என் கையிலிருந்து கிளம்பி, முன்னால் போய், கார் மூக்கைத் தொட்டுவிட்டு வந்தது. இப்போது அது மூடாது. ஆகவே கயிறு போட்டுக் கட்டியிருக்கிறது. காரோட்டுகிறவன் மற்றவர்கள் கதவில் ஏறினால் மரியாதையா? நான் என் ஜன்னல் வழியாகத்தான் ஏறி இறங்குகிறேன். என் வயிற்றின் அளவு உங்களுக்குத் தெரியும். உள்ளே வர தெலியா தள்ள வேண்டும், வெளியே போக மரிசெல் இழுக்க வேண்டும்.

அடுத்தது கூடாரம். எழுதித்தான் ஆக வேண்டும். உங்கள் கூடாரம் நல்ல கூடாரம், அதில் சந்தேகமில்லை. அகலமானது, ஆளுயரமானது, உள்ளே நின்றுகொண்டே கால்சட்டை மாட்டலாம். அது எந்தப் புயலையும் தாங்கும் என்று நீங்கள் சொன்னீர்கள். அதை உங்கள் வீட்டுப் பின்கட்டில், இரண்டு எலுமிச்சை மரங்களுக்கு நடுவில் தவிர வேறெங்கும் நீங்கள் நட்டதில்லை என்பதை நெலிதா பிற்பாடுதான் சொன்னாள். போகட்டும். நானே என் கையால் நட்டேன். வாசலை மேற்கே பார்க்க வைத்தேன். படுத்தபடியே பனிமலை தெரிய வேண்டும், இல்லாவிட்டால் எதற்கு இவ்வளவு தூரம் வந்தோம்? அப்போதும் அவன், "வாசல் கிழக்கால இருந்தா தேவலை. துணி ஓரத்துல கல்லையும் வெச்சிரலாம்" என்றான். "தம்பி, நாங்க கூடாரம் போட வந்திருக்கோம், கோட்டை கட்ட இல்ல" என்றேன். மரிசெல் சிரிக்கவில்லை. அவன் சிரித்தான். பிறகு தன் குட்டிக் கூடாரத்தை ஒரு புதருக்குப் பின்னால், வாசலைக் கிழக்கே வைத்து, சுற்றிலும் கல்லை அடுக்கி, தவளை உட்கார்ந்த மாதிரி ஒன்றை நட்டுக்கொண்டான். பார்க்கவே அசிங்கம்.

இன்று காலை நான் எழுந்து, விலா எலும்பைத் தயார் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை, பயணத்தின் கடைசி நாள், ஒரு அர்ஜென்டீனியன் வேறென்ன செய்வான்? வழியெல்லாம் ஆட்டுக்கறி தவிர எதையும் கண்ணில் காட்டாத இந்த ஊரில், நல்ல மாட்டு விலா தேடி இரண்டு ஊர் அலைந்து வாங்கியது. என் சொந்தக் கம்பி அடுப்பைக் கார் தலையில் கட்டி பெர்கமீனோவிலிருந்து கொண்டுவந்திருக்கிறேன். முகாமைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் தோனியா எதுவீஹெஸ், "சமைக்கிறதுக்கு அங்க சுவர் வெச்ச கொட்டாய் இருக்கு பாருங்க" என்று காட்டினார். உள்ளே போய்ப் பார்த்தேன். கேஸ் அடுப்பு! மச்சான், விலா எலும்பைக் கேஸ் அடுப்பில் வைப்பதும் பெற்ற தாயைக் கோர்ட்டில் ஏற்றுவதும் எனக்கு ஒன்றுதான். "ஏரிக்கரையில கல்லடுப்பு ஒண்ணு இருக்கே, அதுல மூட்டலாமா?" என்று கேட்டேன். "தாராளமா. சுத்தி வெறும் கல்லுத்தரை, எரியறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார். "அப்ப ஏன் யாரும் அங்க மூட்டறதில்ல?" என்றேன். "மூட்டிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூட்டினேன். அணைந்தது. மறுபடி மூட்டினேன். பெட்டியில் பாதித் தீக்குச்சி போன பிறகு, என் தொப்பிக்குள் வைத்து ஒரு காகிதத்தைப் பற்றவைத்து, தொப்பியோடு சேர்த்து விறகுக்குள் தள்ளினேன். தீ பிடித்தது. தொப்பி போனது. அந்த நேரம் பார்த்துத்தான் பின்னாலிருந்து தெலியாவின் கூச்சல். திரும்பிப் பார்த்தால் உங்கள் கூடாரம் வாயைத் திறந்து காற்றை முழுவதும் விழுங்கிவிட்டு, கர்ப்பிணி மாதிரி உப்பி நிற்கிறது. ஒரு முளை பிடுங்கிக்கொண்டது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் எல்லாம். லுஹான் மாதா சாட்சியாக, அது தரையில் இழுபட்டுப் போகவில்லை மச்சான். எழுந்து போயிற்று. உள்ளே என் நல்ல கால்சட்டை, தெலியாவின் கம்பளிப் போர்வை, ஊர் வரைபடம், மரிசெல் திருத்த வேண்டிய பரீட்சைத் தாள்கள், எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, கிழக்கே, அட்லாண்டிக்கைப் பார்த்து நேர்வழியில் கிளம்பிவிட்டது. மேய்ந்துகொண்டிருந்த குவானாக்கோ கூட்டம் அதைப் பார்த்துவிட்டுத் தலைதெறிக்க ஓடியது.

நான் ஏன் பிடிக்கவில்லை என்று நீங்கள் கேட்கக்கூடாது. தீ மூட்டியவன் தீயை விட்டு எழுந்திருக்கக்கூடாது. வீடே பற்றிக்கொண்டாலும் சுடுகிறவன் அடுப்படியில்தான் நிற்பான், அது நம் ரத்தத்தில் இருக்கிறது. ஓடியது ரொலாந்தோதான். ஓடிப்போய் ஒரு கயிற்றை எட்டிப் பிடித்தான். கூடாரம் அவனையும் இழுத்துக்கொண்டு கல்லிலும் முள்ளிலும் ஒரு நல்ல தூரம் போயிற்று. நான் அடுப்படியிலிருந்து, "விடாத! விடாத!" என்று கத்தினேன். விட்டுவிட்டான். என் கண்ணால் பார்த்தேன் மச்சான். உங்கள் கூடாரத்தை விட்டவன் அவன்தான், நான் அல்ல. இதை எழுத்தில் பதிவு செய்கிறேன். அவனுடைய தவளைக் கூடாரம் மட்டும் வெட்கமே இல்லாமல் நட்ட இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

திரும்பி வந்து, "மன்னிச்சுக்குங்க தோன் எவாரிஸ்தோ, கயிறு வழுக்கிருச்சு" என்றான். இரவு உடையோடு நின்ற எனக்குத் தன் மாற்றுக் கால்சட்டையை எடுத்துக் கொடுத்தான். இப்போது ஒரு சிலிக்காரனின் கால்சட்டையில் உட்கார்ந்துதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். இடுப்பில் பொத்தான் சேரவில்லை. கரண்டைக்காலுக்கு மேல் காற்று அடிக்கிறது. நம் குடும்ப மானம் இதற்குமேல் கப்பலேற இடமில்லை.

இனிமேல்தான் முக்கியமான விஷயம். இத்தனை இடிபாட்டுக்கும் நடுவில் நான் தீயை விடவில்லை. ஆனால் கரி பூக்கவில்லை, காற்று ஊதி ஊதிச் சாம்பலை என் முகத்தில் அப்பியது. அப்போது இவன் எங்கிருந்தோ, இடிந்த ஆட்டுப்பட்டியிலிருந்தாம், ஒரு பெரிய தகரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தான். கையில் கையுறை. வந்து அடுப்புக்கு மேற்கே நின்று, தகரத்தைக் காற்றுக்குக் குறுக்கே பிடித்துக்கொண்டான். உட்காரவில்லை. பேசவில்லை. கறி வேகும் வரை, காலையிலிருந்து மத்தியானம் வரை, அப்படியே நின்றான். காற்று தகரத்தைப் பிடித்து ஆட்டும்போது அவனும் சேர்ந்து ஆடினான். தீ பிழைத்துக்கொண்டது.

உதவிதானே என்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். நேரம் ஆக ஆக எனக்கு உள்ளே குடைய ஆரம்பித்தது. ஒரு மனிதன் எரிகிற அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டு கருத்துச் சொல்லாமல் இருக்க முடியுமா? நீங்கள் எத்தனை வருஷமாக என் முற்றத்துக்கு வருகிறீர்கள்! ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது, "இந்தப் பக்கம் கரி கம்மியா இருக்கே எவாரிஸ்தோ" என்று சொல்லாமல், குச்சியை எடுத்துக் கிளறாமல் இருந்திருக்கிறீர்களா? அதற்காக உங்களை நான் எத்தனை தடவை மனசுக்குள் சபித்திருக்கிறேன்! ஆனால் அது மனுஷ சுபாவம். இவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கறியைத் தப்பான நேரத்தில் திருப்பினேன், அது எனக்கே தெரிந்தது. அவன் பார்த்தான். சொல்லவில்லை. ஒரு பக்கம் கருகியது. பார்த்தான். சொல்லவில்லை. "என்ன, ஏதாச்சும் சொல்லணுமா?" என்று நானே கேட்டுவிட்டேன். "உங்க தீ, தோன் எவாரிஸ்தோ" என்றான். அவ்வளவுதான். இதைவிட ஒருவன் எப்படிக் குத்திக் காட்ட முடியும்?

கறி வெளியே கரி, உள்ளே ரத்தம், நடுவில் மணல். எல்லாரும் ஒரு பாறைக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து சாப்பிட்டோம். அவன் கையுறையைக்கூடக் கழற்றாமல் சாப்பிட்டான். மாப்பிள்ளையாக வரப்போகிறவன், பெண் வீட்டார் முன்னால், கையுறை போட்டுக்கொண்டு! மரிசெல் அவனுக்குக் கறியைச் சின்னச் சின்னதாக நறுக்கிக் கொடுத்தாள். ஊட்டாத குறை. இந்தப் பெண்ணை நான் இப்படியா வளர்த்தேன்?

சாப்பிட்டு முடிந்தது. உங்கள் தங்கை வழக்கம்போல, "சுட்டவருக்கு ஒரு கைத்தட்டு!" என்றாள். உங்களுக்குத் தெரியும், அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் நான் வாரம் பூராவும் உயிர் வாழ்கிறேன். ரயில்வே வேலையில் யாரும் எனக்குக் கை தட்டியதில்லை. ஓய்வு பெற்ற அன்று ஒரு கடிகாரம் கொடுத்தார்கள், அதுவும் ஓடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான், கறி கெட்டியாக இருந்தாலும் தோல் மாதிரி இருந்தாலும், எல்லாரும் எழுந்து நின்று தட்டுவார்கள். நீங்கள்கூடத் தட்டுவீர்கள். தெலியா தட்டினாள். மரிசெல் தட்டினாள். கொட்டாயிலிருந்து எட்டிப் பார்த்த தோனியா எதுவீஹெஸ், எதற்கென்று தெரியாமலே தட்டினார். ரொலாந்தோ தட்டவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டி, "ரொம்ப நல்லாயிருந்துச்சு" என்றான்.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது மச்சான். எழுந்து நின்றேன். ஒரு கையால் அவனுடைய கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு, மறு கையை நீட்டி, "மரிசெல், என் முடிவைக் கேட்டியே, கேட்டுக்கோ. நான் அந்த ஊருக்கு வரமாட்டேன். என் தீக்கு மரியாதை தெரியாதவன் வீட்டு வாசப்படியை நான் மிதிக்கமாட்டேன்" என்றேன். அவன் முகத்தில் ஈயாடவில்லை. மரிசெல், "அப்பா, உங்களுக்குத் தெரியாது..." என்று ஏதோ ஆரம்பித்தாள். அவன் அவளைப் பார்த்துத் தலையசைத்தான். அவள் வாயை மூடிக்கொண்டு அழுதாள். பாருங்கள், கல்யாணத்துக்கு முன்னாலேயே அதட்டல்! நான் நேராக வந்து ஜன்னல் வழியாகக் காருக்குள் ஏறினேன். தள்ள ஆள் இல்லாததால் கொஞ்ச நேரம் பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் தொங்கிக்கொண்டிருந்தேன்.

உள்ளதைச் சொல்கிறேன். கை தட்டாதது மட்டும் இல்லை. அவள் ஒரே பெண். அவள் அந்த ஊருக்கே போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை நான் யாருக்கு விலா எலும்பு சுடுவேன்? எலும்பு ஒட்டிய ஓரத் துண்டு சின்ன வயசிலிருந்து அவளுக்குத்தான். அதை இனிமேல் நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள்.

ஆகவே என் கோரிக்கை: அவள் கேட்டால் மறுத்துவிடுங்கள். நீங்களும் மறுத்தால் அவளை அழைத்துப்போக ஆள் இல்லை. ஆள் இல்லையென்றால் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவாள். தள்ளிப்போட்டால் காற்று மாறும். சூட்டைத் திரும்ப வாங்கி அலமாரியில் பூட்டி, சாவியை நெலிதாவிடம் கொடுத்துவிடுங்கள்.

நெலிதாவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் எலுமிச்சை மரங்கள் காய்க்கட்டும், மூட்டுகள் மடங்கட்டும், லுஹான் மாதா உங்கள் வீட்டுக் கூரையைக் காற்றிலிருந்து காப்பாற்றட்டும். கூடாரத்தைப் பற்றி ஏதும் கேட்க வேண்டுமானால் சிலிக்காரனுக்கு எழுதுங்கள்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
எவாரிஸ்தோ மந்த்ரீனி

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதிய எதையும் படிக்காதீர்கள். படித்திருந்தால் மறந்துவிடுங்கள். கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றால் தாள் இல்லை, மிச்சத் தாளெல்லாம் உங்கள் கூடாரத்தோடு கடலுக்குப் போய்விட்டது.

கையெழுத்துப் போட்டு முடித்தபோது தெலியா ஜன்னல் வழியாக மாத்தேக் குடுவையை நீட்டினாள். கூடவே தலையையும் நீட்டி, கடிதத்தைப் பிடுங்கி முழுவதும் படித்தாள். உங்கள் குடும்பத்தில் பெண்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. படித்துவிட்டுக் கடிதத்தாலேயே என் மண்டையில் ஒரு அடி.

"ஏய்யா கெழவா, உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா? அந்தப் புள்ள கையைப் பாத்தியா?"

"கையுறை போட்டுருக்கான், எப்படிப் பாக்கிறது?"

"எதுக்குய்யா போட்டிருக்கான்? எங்கண்ணன் கூடாரத்தைப் புடிக்கப் போயி, கயிறு ரெண்டு உள்ளங்கையையும் உரிச்சு எடுத்திருச்சு. தோலே இல்ல. அந்தக் கையோடதான் உன் பாழாப்போன அடுப்புக்குத் தகரம் புடிச்சுட்டு நின்னான். எப்படிய்யா தட்டுவான்? காலால தட்டுவானா?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லக்கூடாதுன்னு மரிசெல்கிட்ட சத்தியம் வாங்கிட்டானாம். போயி அவனையே கேளு."

அவசரமாக இறங்கினேன். பாதியில் மாட்டிக்கொண்டேன். தெலியா கோபத்தில் இழுத்த இழுப்பில் கால்சட்டை பின்பக்கம் கிழிந்தது.

பாறைக்குப் பின்னால் மரிசெல் அவன் கைக்குத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள். பார்த்தேன். அடுப்பிலிருந்து எடுத்த கறி மாதிரி இருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்தான்.

"ஏன்டா சொல்லல?" என்று கேட்டேன்.

தரையைப் பார்த்துக்கொண்டே, "சொல்லியிருந்தா நீங்க தீயை விட்டுட்டு எழுந்து வந்திருப்பீங்க, மாமா" என்றான்.

மச்சான், இத்தனை வருஷத்தில் இப்படி ஒருவன் என்னைப் புரிந்துகொண்டதில்லை. உங்கள் தங்கைகூட. ஒரு சிலிக்காரன்! நான் அங்கேயே நின்று கை தட்டினேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. தனியாகத் தட்டினேன், பலமாகத் தட்டினேன், என் உள்ளங்கையும் எரியும் வரை. தெலியாவும் மரிசெலும் சேர்ந்துகொண்டார்கள். தோனியா எதுவீஹெஸ் மறுபடி எட்டிப் பார்த்து மறுபடி தட்டினார், இவர்கள் நாள் பூராவும் இதைத்தான் செய்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்திருப்பார். அவன் துணி சுற்றிய இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். நான் அழுதேன். காற்றின் மேல் பழியைப் போட்டிருக்கலாம், போடவில்லை.

அக்டோபரில் புந்தா அரேனஸில் என் மகளை நான்தான் அழைத்துப் போகிறேன். சொல்லிவிட்டேன். இன்றைக்கு ராத்திரி அந்தத் தவளைக் கூடாரத்தில் எங்கள் இருவருக்கும் மரிசெலுக்கும் இடம் கொடுத்துவிட்டு, அவன் காரில் படுத்துக்கொள்கிறான். உள்ளே போய்ப் பார்த்தேன், வெந்நீர் குடுவைக்குள் இருப்பது போல் கதகதப்பு. வாசல் கிழக்கே இருப்பதுதான் சரி. இதை நான் சொன்னதாக அவனிடம் சொல்ல வேண்டாம்.

நீல சூட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், விருந்தாளியாகப் போட்டுக்கொண்டு வரலாம். ஆனால் ஒன்று. கல்யாணத்தன்று அவன் சித்தப்பாமார்கள் முழு ஆட்டைக் கம்பியில் குத்திவைத்துச் சுடுவார்களாம். அவர்கள் தீயைத் தொடமாட்டேன், பக்கத்தில் நின்று கருத்தும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்காக என்னால் வாக்குக் கொடுக்க முடியவில்லை. ஆகவே வரும்போது தடியாக ஒரு ஜோடி கையுறை எடுத்து வாருங்கள். தகரம் அங்கேயே கிடைக்கும் என்று மாப்பிள்ளை சொல்கிறான்.